கட்டுப்பணம் கட்டியவர்கள்: வன்னியின் சபைகளும் சாதாரண மனிதர்களும்

2023 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்காக நாடு முழுவதும் எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரை அவர்களது வட்டாரத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. முச்சக்கரவண்டி ஓட்டுபவர், சில்லறைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற அதிபர், மாதர் சங்கத் தலைவி, வயல் செய்பவர். அதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்னர்தான் காலிமுகத்திடலில் திரண்ட மக்கள் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே அனுப்பியிருந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், "நாமும் ஒருமுறை தேர்தல் கேட்டுப் பார்ப்போம்" என்று பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய அந்தத் தேர்தல் நடக்கவில்லை. திறைசேரி பணம் விடுவிக்கவில்லை, வாக்குச்சீட்டு அச்சாகவில்லை, திகதி தள்ளிப்போனது, பிறகு திகதியே இல்லாமல் போனது. மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு பழைய சபைகளின் ஆயுளும் முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகக் கிராமத்து வீதி விளக்கைக்கூட அதிகாரிகளிடம்தான் கேட்கவேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தனது தீர்ப்பைச் சொன்னது: நிதி அமைச்சர் என்ற வகையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறியிருக்கிறார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வரும்போது வேட்பாளரின் சுவரொட்டி மழையில் கரைந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. பின்னர் 2025இல் விசேட சட்டமொன்றின் மூலம் பழைய வேட்புமனுக்கள் இரத்துச் செய்யப்பட்டு, புதிதாக மனுக்கோரி, மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. கட்டுப்பணம் திரும்பக் கிடைக்கலாம். இரண்டு வருடங்கள் கிடைக்காது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவினர் அரச ஊழியர்கள். 2023இல் மனுத் தாக்கல் செய்தவர்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அரச சேவையில் இருந்தவர்கள். தேர்தல் கேட்கும் ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் போகவேண்டும்; தான் போட்டியிடும் பிரதேசத்தில் கடமையாற்றவும் முடியாது. சில வாரங்களுக்கு என்று எடுத்த விடுமுறை மாதக்கணக்கில் நீண்டது. தேர்தலும் இல்லை, வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. பின்னர்தான் அமைச்சரவை தலையிட்டு, அவர்களைப் பக்கத்துப் பிரதேசங்களில் வேலைக்கு அமர்த்த வழிசெய்தது. ஓர் ஆசிரியருக்கோ சிற்றூழியருக்கோ நான்கு மாதச் சம்பளம் என்பது என்னவென்று ஆசிரியர் ஓய்வறையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். சீட்டுக்காசு, பிள்ளையின் ரியூஷன், வங்கிக் கடன் தவணை. "இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். சபைக்கு வந்திருந்தால் ஏதாவது செய்திருப்பார். ஜனநாயகத்துக்கு வந்த நட்டம் இப்படியானவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனதில்தான் இருக்கிறது. பெரிய தலைவர்களுக்கு அந்த இரண்டு வருடங்களில் எந்தச் சேதமும் இல்லை.

தெற்கில் இரண்டு வருடம் காத்திருந்ததே இவ்வளவு பேரை வெறுக்கவைத்தது என்றால், வன்னி காத்திருந்ததை என்னவென்று சொல்வது?

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து இன்று பன்னிரண்டு உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. வவுனியாவில் ஐந்து, முல்லைத்தீவில் நான்கு, கிளிநொச்சியில் மூன்று. பிரதேச சபைகள் சட்டம் 1987இல் வந்தது. ஆனால் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு தலைமுறை முழுவதும் வாக்குப்பெட்டியைக் காணாமலே வளர்ந்தது. விடுதலைப் புலிகளின் ஆளுகையில் நீதிமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது, வரி இருந்தது. எதிர்த்து நிற்கும் ஒரு வேட்பாளர் மட்டும் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் 1998இல் தேர்தல் நடந்தபோது மாநகர முதல்வராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அதே வருடம் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். கான் வெட்டவும் குப்பை அள்ளவும் வந்த பதவிக்கு அந்தக் காலத்து விலை அது.

யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் தேர்தலைப் பாருங்கள். 2009 ஆகஸ்ட் 8ஆம் திகதி வவுனியா நகர சபைக்கு வாக்கெடுப்பு. அந்த நேரத்தில் இதே மாவட்டத்தின் செட்டிகுளம் பக்கத்தில், மெனிக் பாம் முகாமில், இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு வெளியே வர அனுமதி இல்லை. சில மைல் தூரத்தில் நகரத்தார் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 11 ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு ஐந்து, ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணிக்கு மூன்று, ஆளும் கட்சிக்கு இரண்டு, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. கணக்கு சரிதான். ஆனால் அதை ஜனநாயகம் திரும்பியது என்று அன்று கொண்டாடியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும். கிளிநொச்சியின் மூன்று சபைகளுக்கும் 2011 ஜூலை 23ஆம் திகதி தேர்தல் நடந்தது. இறுதி யுத்தம் நடந்த கரைதுறைப்பற்றுக்கும் புதுக்குடியிருப்புக்கும் கண்ணிவெடி, மீள்குடியேற்றம் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தள்ளிப்போட்டு, 2018 பெப்ரவரி 10ஆம் திகதிதான் வாக்குப்பெட்டி வந்தது. துப்பாக்கி ஓய்ந்து கிட்டத்தட்ட ஒன்பது வருடங்களுக்குப் பிறகு!

அந்த ஒன்பது வருட இடைவெளியில் சாதாரண மனிதர் ஒருவர் தேர்தல் கேட்பது எப்படியிருந்தது என்பதற்கு 2013 செப்டெம்பர் 21 வட மாகாண சபைத் தேர்தல் நல்ல உதாரணம். அனந்தி சசிதரன் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கணவர் எழிலன் புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளர். அவர் இராணுவத்திடம் சரணடைந்ததைத் தாம் நேரில் கண்டதாகச் சொல்லி, வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோடு அலைந்தவர் அனந்தி. தேர்தலுக்கு முதல்நாள் அவரது வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாள் காலையில், அவர் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்ற செய்தியோடு உதயன் பத்திரிகையின் பெயரில் போலிப் பிரதி ஒன்று விநியோகிக்கப்பட்டது. மக்கள் அதை நம்பவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓய்வுபெற்ற நீதியரசர் விக்னேஸ்வரனுக்கு அடுத்ததாக 87,870 விருப்பு வாக்குகளை அனந்தி பெற்றார்.

அவரது அரசியலோடு நமக்கு ஆயிரம் முரண்பாடு இருக்கலாம். 1990இல் வடக்கிலிருந்து நமது மக்களை விரட்டிய இயக்கத்தின் பொறுப்பாளர் ஒருவரின் மனைவி என்பதால் நம்மில் பலருக்கு மனம் ஒப்பாமலும் இருக்கலாம். ஆனாலும் அந்த வாக்கில் ஒரு பாடம் இருக்கிறது. தம்மைப் போல இழந்த ஒருவர் துணிந்து நின்றால், பயமுறுத்தலுக்கு நடுவிலும் மக்கள் அவரைத் தூக்கி வைக்கிறார்கள். அதன்பிறகு நடந்தது வேறு கதை. முப்பது ஆசனங்களோடு வந்த கூட்டமைப்பு தனக்குள்ளேயே அடிபட்டது, 2017இல் அமைச்சர்கள் மாறினார்கள், அனந்தியும் ஓர் அமைச்சரானார், பிறகு தனிக்கட்சி என்று பிரிந்தார். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. இன்றுவரை மாகாண சபைத் தேர்தல் இல்லை. எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்று, பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஆக, வன்னியில் ஒரு குடிமகன் தன் வாசலில் கண்டு பேசக்கூடிய தெரிவு செய்யப்பட்ட ஆள் என்றால் இப்போது பிரதேச சபை உறுப்பினர் மட்டுமே.

இனி நமது விடயத்துக்கு வருவோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி. வவுனியாவில் சாலம்பைக்குளம் போன்ற ஊர்கள் வெறுமையாகின. புத்தளத்தில் தென்னோலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை இருபது வருடத்தில் கல்வீடாகி, பிள்ளைகள் அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணமும் முடித்தார்கள். 2009க்குப் பின் ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அங்கே காத்திருந்தது காடு. பிரித்துக் கொடுப்பதற்குக் காணி இல்லை. இருந்த காணியில் காடு வளர்ந்ததால் அது வன இலாகாவின் கையில். முள்ளியவளையில் நமது மீள்குடியேற்றத்துக்குக் காணி ஒதுக்கப்பட்டபோது 2013 அளவில் எழுந்த கசப்பை இங்கே திரும்பக் கிளற விரும்பவில்லை. இரு பக்கமும் நிலமில்லாத ஏழைகள்தான் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

திரும்பாதவர்களின் வாக்கு எங்கே என்பது அடுத்த சிக்கல். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரின் வாக்காளர் இடாப்பில் பதிய 2013இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் புத்தளத்திலிருந்து பஸ் வண்டிகள் வடக்கு நோக்கி வரும். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் அன்று அப்படி மன்னாருக்கு வந்துகொண்டிருந்த பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் கல்லெறியும் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் உயிராபத்து இல்லை. ஆனால் ஒரு வாக்குப் போடுவதற்காக இரவெல்லாம் பயணம் செய்யும் ஒரு சமூகம் இந்த நாட்டில் நாம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஜனாதிபதித் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் இந்தப் பஸ் அரசியல் ஒருவாறு பொருந்தும். வட்டாரத் தேர்தலுக்குப் பொருந்தாது. வட்டாரம் என்பது நடந்து போகும் தூரம். உடைந்த மதகு எங்கே, எந்த ஒழுங்கையில் மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும், மையவாடிக்குப் போகும் பாதையில் விளக்கு எரிகிறதா என்பது தெரிந்தவர்தான் அங்கே நிற்கவேண்டும். வாரத்தில் நான்கு நாள் புத்தளத்திலும் மூன்று நாள் ஊரிலும் இருப்பவரை நிறுத்திவிட்டு, "சமூகத்தின் பிரதிநிதித்துவம்" என்று மேடையில் பேசுவதில் அர்த்தம் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவரது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. ஆனால் நமது கட்சிகள் வேட்பாளரைத் தேடும் இடம் பிழையானது. அமைச்சராக இருந்தவரின் அலுவலகத்தில் நின்றவர், தேர்தல் காலத்தில் வாகனம் கொடுத்தவர், கொந்தராத்து எதிர்பார்ப்பவர். ஊரில் ஜனாஸா என்றால் முதலில் போய் நிற்பவரும், வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாட்டோடு பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கும் போகிறவரும் பட்டியலில் இருப்பதில்லை. இருந்தாலும் கடைசியில் இருப்பார்.

2018இலிருந்து நடைமுறையில் இருக்கும் கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். சிதறி வாழும் நமக்கு வட்டாரத்தில் வெல்வது கடினம் என்பதால் பட்டியல் ஆசனம் ஓர் அருள். அதையும் கட்சிகள் என்ன செய்கின்றன? ஓர் ஆசனத்தை மூன்று பேருக்கு வாக்குறுதி கொடுத்து, ஆளுக்கு ஒன்றரை வருடம் என்று பங்கு பிரிக்கிறார்கள். முதலாமவர் சபையின் நடைமுறையைப் படித்து முடிக்கும்போது இராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கும். ஊரவர் பார்வையில் இது சமாதானம். சபைச் செயலாளரின் பார்வையில் இதைவிட வசதி வேறில்லை, ஏனென்றால் கேள்வி கேட்கத் தெரிந்த உறுப்பினர் யாரும் உருவாகமாட்டார்.

மாகாண சபையில் கொஞ்சம் வேறு விதமாக ஒன்று நடந்தது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 2013இல் முஸ்லிம் காங்கிரஸ் தனியாகக் கேட்டு ஓர் ஆசனம் பெற்றது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை அய்யூப் அஸ்மினுக்குக் கொடுத்தது. அது போதுமா என்று அப்போதும் விவாதித்தோம். போதாதுதான். ஆனாலும் வாக்குக் கணக்கு கட்டாயப்படுத்தாத இடத்தில் கொடுக்கப்பட்ட ஆசனம் அது. வன்னியின் பிரதேச சபைகளில் அந்த மனநிலை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது? எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகளில் தவிசாளரைத் தெரிவுசெய்யும் நாளன்று மட்டும் நமது ஒற்றை உறுப்பினருக்கு எல்லாப் பக்கமிருந்தும் தொலைபேசி வரும். அன்றைக்கு அவர் என்ன கேட்கிறார் என்பதில்தான் விடயம் இருக்கிறது. உப தவிசாளர் பதவியைக் கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கும். ஊர் வீதியை வேலைத்திட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்டால் ஊருக்குக் கிடைக்கும்.

பெண்கள் விடயத்தையும் மூடி மறைக்க முடியாது. 2018க்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதமளவில் இருந்தார்கள். 25 வீத ஒதுக்கீடு வந்த பிறகு அது 20 வீதத்தைத் தாண்டியது. வன்னியில் இதன் அர்த்தம் பெரியது. யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் நிறைந்த மண் இது. காணாமல் ஆக்கப்பட்டோருக்காகக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017இலிருந்து வீதியோரம் குந்தியிருந்தவர்களும் தாய்மார்தான். நமது பக்கத்தில் சில இடங்களில், "பெண் பிள்ளைகளின் படத்தைச் சுவரில் ஒட்டுவதா?" என்ற முணுமுணுப்போடு விடயம் முடிந்தது. அதே பெண் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உத்தியோகத்தராக இருந்தால் பெருமை, பாடசாலையில் அதிபராக இருந்தால் பெருமை, மகளிர் சங்கத்தில் கடன் வசூலித்தால் பாராட்டு. சபையில் உட்கார்ந்து நீர்க்குழாய் கேட்டால் மட்டும் மார்க்கப் பிரச்சினையா? ஆலிம்கள் இதற்கு நிதானமாகப் பதில் சொல்லட்டும். சட்டத்தின் ஓட்டையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்: 20 வீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெறும் கட்சிக்குப் பெண் உறுப்பினரை நியமிக்கும் கட்டாயம் இல்லை. நமது கட்சிகள் வன்னியின் பல சபைகளில் அந்த நிலையில்தான் இருக்கின்றன. கட்டாயம் இல்லாதபோது ஒரு பெண்ணை நியமிக்கும் கட்சியைத்தான் நான் நம்புவேன்.

வெளியுலகில் நமக்கு நெருக்கமான உதாரணம் துனீசியா. 2011இல் சர்வாதிகாரி பின் அலியை விரட்டிய மக்கள், 2018 மே 6ஆம் திகதி, நமது தேர்தலுக்கு மூன்று மாதம் கழித்து, முதன்முறையாகச் சுதந்திரமான நகர சபைத் தேர்தலைக் கண்டார்கள். கட்சிகளையெல்லாம் பின்தள்ளிச் சுயேச்சைப் பட்டியல்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாக்குகளைப் பெற்றன. பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறிமாறி வரவேண்டும் என்பது சட்டம். தலைநகர் துனிஸின் முதல் பெண் மேயராக, அந்நஹ்ழா கட்சியின் பட்டியலில் நின்ற ஸுஆத் அப்துர்ரஹீம் வந்தார். இவ்வளவும் செய்தும் வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவில்தான். சபைகளுக்குப் பணமும் இல்லை, அதிகாரமும் அரைகுறை. மக்களுக்குச் சலித்துப்போனது. 2023 மார்ச்சில், நமது சபைகள் காலாவதியான அதே மாதத்தில், ஜனாதிபதி கைஸ் சயீத் அந்த நகர சபைகள் அனைத்தையும் ஓர் ஆணையால் கலைத்தார். பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. இங்கே திறைசேரி, அங்கே ஆணை. வழி வேறு, விளைவு ஒன்று. நமக்காவது ஒரு நீதிமன்றம் இருந்தது.

நம் நாட்டில் சாதாரண வேட்பாளருக்கான தடைகள் இப்போது பெரும்பாலும் கடதாசியில் இருக்கின்றன. கட்சி வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபா. சுயேச்சைக் குழுவென்றால் ஒருவருக்கு 5,000 ரூபா. ஊரவர் இருபது பேர் சேர்ந்து ஒரு குழுவாகக் கேட்பதானால் இலட்சம் ரூபா முதலில் கையில் வேண்டும். 2025இல் இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் உரிய முறையில் அத்தாட்சிப்படுத்தப்படவில்லை என்பது போன்ற காரணங்களால் ஏராளமான மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. நீதிமன்றம் போனவர்களில் பலருக்கு நிவாரணம் கிடைத்தது. கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்? 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் காட்டவேண்டும், தோற்றவரும்தான். சட்டம் நல்லது, பணத்தை வாரியிறைப்பவரைப் பிடிக்க வந்தது. ஆனால் பெரிய கட்சிக்குக் கணக்காளர் இருக்கிறார். தோற்றுப்போய்க் கடைதிறந்து இருக்கும் மனிதருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க யார் இருக்கிறார்? பள்ளி நிர்வாக சபைகளும் பட்டதாரி இளைஞர்களும் ஓர் ஊருக்கு இரண்டு பேரை இதற்கென்று ஒதுக்கினால், பெயர் தெரியாத பலர் அடுத்தமுறை பயமில்லாமல் மனுப்போடுவார்கள்.

வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போகும் ஆசிரியர்களான நாங்கள் காலை ஏழு மணிக்கு வெறும் பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டி முத்திரை வைப்போம். அந்த நாளின் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு சபை கூடுகிறது. மாதாந்த அமர்வு பொதுமக்களுக்குத் திறந்தது. வந்திருந்து பார்க்கலாம், கேட்கலாம். வவுனியா இப்போது மாநகர சபை. கரைதுறைப்பற்றிலும் செட்டிகுளத்திலும் பிரதேச சபை மாதாமாதம் கூடுகிறது. அந்த அமர்வுகளுக்கு நம்மவர்கள் எத்தனை பேர் இதுவரை போயிருக்கிறோம்?